அத்தை மகனும் எக்ஸ் குரோமோசோமும்

2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனுக்கு நடக்கும்போது குதிகால் தரையில் படாது. கெண்டைக்கால் மட்டும் ஓட்டக்காரனுடையது போலத் திரண்டிருக்கும், ஆனால் ஓடமாட்டான். தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு முதலில் கைகளைத் தரையில் ஊன்றுவான், பிறகு முழங்காலில், பிறகு தொடையில் என்று தன் உடம்பைத் தானே பிடித்து ஏறி எழுவான். ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் மற்றப் பிள்ளைகள் எழுந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்த பிறகுதான் அவன் எழுந்து முடிப்பான். சோம்பேறி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நாங்கள் என்றால் ஆசிரியர்கள்.

ஒருநாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். பருத்திக்காட்டு வேலையிலிருந்து நேராக வந்தவர், முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "நல்லாத்தான் சார் நடந்தான். ஏன் சார் இப்படி ஆவுது?" என்று கேட்டார். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கேள்வி என் பாடத்துக்குள் வருகிறதே என்று உற்சாகமாகிவிட்டேன்.

"சொந்தத்துல கட்டுனீங்களாம்மா?"

"ஆமா சார். எங்க அத்தை மகன்தான்."

"அதாம்மா. சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் ஆகும்."

அவர் ஒன்றும் சொல்லாமல் பையனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு தாய்க்கு அறிவியல் விளக்கம் தந்துவிட்ட திருப்தியோடு நான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.

அந்த விளக்கத்தில் அறிவியலும் தவறு, சொன்ன விதமும் தவறு. அதை எனக்குப் புரியவைத்தவர் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவி. அவர் இன்று மரபணு ஆலோசகர். அப்படி ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பது எனக்கே அவர் சேர்ந்த பிறகுதான் தெரியும். அந்தப் படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதையும், அதைக் கேட்டுக்கேட்டுப் பேரையூரில் ஒரு வாத்தியார் தன் மரபியல் பாடத்தை எப்படித் திருத்திக்கொண்டான் என்பதையும் எழுதலாம் என்று தோன்றியது. அந்தத் தாயிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பேசாமல் இருக்கக் கற்றுத் தரும் படிப்பு

என் மாணவி மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல் முடித்தார். மேலே என்ன படிப்பது என்று கேட்க வந்தபோது வழக்கம்போல நான் பி.எட். என்றேன். அவர் கையில் வேறொரு விண்ணப்பம் இருந்தது. மரபணு ஆலோசனையில் முதுநிலைப் பட்டம், இரண்டு ஆண்டு, வெளிமாநிலம். இந்தியாவில் இந்தப் படிப்பு இன்னும் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பால் அவற்றில் ஒன்று. உயிர் அறிவியல் பாடங்களில் இளநிலை முடித்தவர்கள் சேரலாம். மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டுப் பாடங்களைச் சொன்னபோது நான் வியக்கவில்லை. மனித மரபியல், கருவியல், குரோமோசோம் ஆய்வு, புள்ளியியல். அதோடு உளவியல், மருத்துவ அறம், சட்டம். பிறகு மருத்துவமனையில் துறை துறையாகச் சுழற்சி. கர்ப்பிணிகள் பிரிவு, குழந்தைகள் பிரிவு, புற்றுநோய், இரத்த நோய்கள். பார்த்த ஒவ்வொரு குடும்பத்தையும் பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நம் பி.எட். கற்பித்தல் பயிற்சி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியப்பு அடுத்து வந்தது. நடிப்புப் பயிற்சி ஒன்று உண்டாம். சக மாணவி ஒருத்தி குழந்தையின் தாயாக உட்காருவாள். இவர் ஆலோசகர். முப்பது நிமிடம். அதை ஒளிப்பதிவு செய்து, மறுநாள் எல்லோர் முன்னாலும் ஓட்டிப் பார்ப்பார்கள். என் மாணவியின் முதல் பதிவைப் பார்த்துவிட்டு அவருடைய ஆசிரியை சொன்னாராம்: "நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முப்பது நிமிடத்தில் இருபத்திரண்டு நிமிடம் நீதான் பேசியிருக்கிறாய். அந்த அம்மா எதற்கு வந்தார் என்று உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியல சார்" என்றார் என்னிடம். "கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லணும்னுதானே நம்ம பள்ளிக்கூடத்துல பழக்குனீங்க? ஒரு கேள்விக்கு அப்புறம் பத்து விநாடி சும்மா இருக்குறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

குடிவழிப் படம் வரைவது இந்தப் படிப்பின் அரிச்சுவடி. சதுரம் ஆண், வட்டம் பெண், நிரப்பினால் நோயுள்ளவர், குறுக்கே கோடு போட்டால் இறந்தவர், சொந்தத்தில் மணம் என்றால் இரட்டைக் கோடு. மேல்நிலை வகுப்பில் நம் பிள்ளைகளே இதை ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைகிறார்கள். ஆனால் அச்சிட்ட படத்திலிருந்து விடை சொல்வது வேறு, எதிரே இருக்கும் மனிதரிடமிருந்து அந்தப் படத்தைப் பெறுவது வேறு. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் வரும். "எத்தனை தடவை உண்டானீங்க?" என்று கேட்டால் கலைந்ததும், பிறந்து மூன்றாம் நாள் போனதும் வரும், கூடவே கண்ணீரும் வரும். அப்போது பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்பதும் பாடம்தான். குறைந்தது மூன்று தலைமுறை, தாய் வழி, தகப்பன் வழி இரண்டும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், கேட்ட விதத்திலேயே அந்தப் பக்கத்தின்மேல் பழி விழுந்துவிடும்.

மொழிச் சிக்கல் தனி. வகுப்பு ஆங்கிலத்தில், வருகிறவர்கள் தமிழிலும் கன்னடத்திலும். நோய் வெளியில் தெரியாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரை நம் பாடநூல் ‘கடத்தி’ என்கிறது. தேர்வுத்தாளில் அது சரியான கலைச்சொல். ஒரு கிராமத்துப் பெண்ணிடம் "நீங்க கடத்தி" என்று சொல்லிப் பாருங்கள். மணல் கடத்தல், பிள்ளை கடத்தல் என்றே கேட்டுப் பழகிய காதில் அது குற்றப் பத்திரிகையாகத்தான் விழும். "உங்ககிட்ட அது மறைஞ்சு இருக்கு. நீங்க கேட்டு வாங்குனதில்ல, உங்களால வந்ததும் இல்ல" என்று என் மாணவி சொல்லப் பழகியிருந்தார். அதற்குப் பிறகு நானும் வகுப்பில் ‘கடத்தி’ என்று எழுதியதும் பக்கத்தில் ‘சுமப்பவர்’ என்று எழுதிவிடுகிறேன்.

ஆலோசகர் என்ற பெயர் இருந்தாலும் இவர்கள் ‘இதைச் செய்யுங்கள்’ என்று சொல்வதில்லை. "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்பதுதான் வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வியாம். அதற்கு நேராகப் பதில் சொல்லாமலும், கைகழுவி விடாமலும் உட்கார்ந்திருக்கப் பழகுவதே இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி. இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நல்ல இனம், கெட்ட இனம் என்று மனிதர்களைப் பிரித்துப் பேசுவதற்கு மரபியலைத் துணைக்கழைத்தார்கள். 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனி பரம்பரை நோயுள்ளவர்களுக்குக் கட்டாய மலடாக்கச் சட்டமே கொண்டுவந்தது. 1947-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெல்டன் ரீட் என்பவர் ‘மரபணு ஆலோசனை’ என்ற சொல்லை முன்வைத்தபோது, அந்தப் பழைய நோக்கத்திலிருந்து விலகி, குடும்பத்துக்கு உதவும் பணியாக இதைப் பார்க்க வேண்டும் என்றார். 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிசா ரிக்டர் இதற்கென முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார்.

பேருந்துப் படிக்கட்டில் ஒரு கை

2023-ஆம் ஆண்டு இறுதியில், பேரையூர் பேருந்து நிலையத்தில் டி.கல்லுப்பட்டி வண்டிக்காக நின்றிருந்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் பேருந்தில் ஏற முயன்றுகொண்டிருந்தான். முதல் படியில் காலை வைத்தான். பிறகு வலது கையைத் தன் தொடையில் ஊன்றி உடம்பை உந்தினான். பதினோரு ஆண்டுக்கு முன் நான் பார்த்த அதே அசைவு. பின்னாலிருந்து அவனைத் தூக்கிவிட்ட பெண்ணை அடையாளம் கண்டுகொண்டேன்.

"என் தங்கச்சி மகன் சார்" என்றார். "மூத்தவன் போயி மூணு வருசமாச்சு."

வண்டியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பேசிக்கொண்டு வந்தோம். அல்லது, அவர் பேசினார். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அதனால் தங்கைக்குச் சொந்தத்தில் வந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எழுமலைப் பக்கம் அசலில் கொடுத்தார்கள். "அசல்ல குடுத்தா பயமில்லன்னு நெனச்சோம் சார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆண் குழந்தைக்கு அப்பாவிடமிருந்து ஒய், அம்மாவிடமிருந்து எக்ஸ் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

அன்று இரவே மாணவிக்குத் தொலைபேசியில் பேசினேன். விவரத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே தடுத்தார். "அவங்ககிட்ட கேட்டீங்களா சார், என்கிட்ட சொல்லலாமான்னு?" கேட்கவில்லை. "கேட்டுட்டுச் சொல்லுங்க சார். அதுவும் இல்லாம நான் இன்னும் மாணவிதான். ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்ல. பொங்கலுக்கு வரேன், ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம்."

பொங்கல் விடுமுறையில் போனோம். என் மாணவி முற்றத்தில் அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கிட்டத்தட்ட எதுவுமே கேட்கவில்லை. இறந்துபோன பையனைப் பற்றி அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், கடைசி வருடங்களில் கட்டிலில் இருந்தபடியே எப்படித் தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான் என்பதெல்லாம். அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி:

"அக்கா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? இப்ப இல்லாதவங்களையும் சேத்து."

"நாங்க ரெண்டு பேரு. எனக்கு மூத்து ஒரு அண்ணன் இருந்துச்சு. கால் வெளங்காமப் போயி பதினாறு வயசுலயே செத்துப்போச்சு. போலியோன்னு சொன்னாங்க."

என் மாணவி நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சதுரத்தை வரைந்து, நிரப்பி, குறுக்கே கோடு போட்டார். 2012-இல் நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரே கேள்விதான். நான் கேட்டது புருஷன் வழியை மட்டும்.

எங்கே தவறினேன்

அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது டூஷேன் தசைச்சிதைவு நோய். தசைச் செல்களைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் பெண்ணிடம் மாற்றாக இன்னொரு எக்ஸ் உண்டு, ஆணிடம் இல்லை. ஆகவே பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் தெரியத் தொடங்கும், பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நிற்கும், பிறகு இதயமும் மூச்சும் தளரும். கெண்டைக்கால் திரண்டிருப்பது வலிமையால் அல்ல; சிதைந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால்.

ஆண் குழந்தை எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறது. தந்தை அத்தை மகனாக இருந்தால் என்ன, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவராக இருந்தால் என்ன, அவர் தந்தது ஒய். இந்த நோய்க்கும் சொந்தத்தில் மணப்பதற்கும் தொடர்பில்லை. இந்தக் குடும்பத்தில் அந்த அம்மாவின் அண்ணனுக்கும் மகனுக்கும் நோய் இருந்ததால், பாட்டியும் இந்த அம்மாவும் சுமப்பவர்கள் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியானால் தங்கை சுமப்பவராக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. அசலில் கொடுத்ததால் இந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியிருக்கக்கூடியது வேறொன்று. தங்கைக்குத் திருமணத்துக்கு முன்பே ஒரு இரத்தப் பரிசோதனை செய்து, முன்னால் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பயமில்லை என்று நம்பியதால் யாரும் தேடவில்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படித் தாய்வழித் தடயம் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு இது புதிதாக ஏற்பட்ட மரபணு மாற்றம்.

இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் குடும்பம் நினைவுக்கு வரலாம். 1840-இல் அவர் மணந்த ஆல்பர்ட் சொந்தத் தாய்மாமன் மகன், நம் ஊர்க் கணக்கில் சரியான முறை மாப்பிள்ளை. மகன் லியோபோல்டுக்கு இரத்தம் உறையாத ஹீமோபிலியா. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் எக்ஸில் வரும் நோய்தான். லியோபோல்டுக்கு ஆல்பர்ட் தந்தது ஒய் மட்டுமே. அந்த அரண்மனைப் பெண்களை வேறு நாட்டு அரசர்களுக்குக் கொடுத்தார்கள். விக்டோரியாவின் மகள் ஆலிஸ் வழியாக நோய் ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்குப் போயிற்று, இன்னொரு மகள் பியாட்ரிஸ் வழியாக ஸ்பெயின் அரண்மனைக்குப் போயிற்று. எழுமலைக்குப் போனது மாதிரியே.

அப்படியென்றால் சொந்தத்தில் மணந்தால் ஒன்றுமே ஆகாதா? ஆகும், வேறு வகை நோய்களில். தலசீமியா போல, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் சேர்ந்தால்தான் வரும் நோய்களுக்குச் சொந்தத்தில் மணப்பது வாய்ப்பைக் கூட்டுகிறது. அத்தை, மாமன் மக்கள் தங்களுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாடுள்ள குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு, மூன்று வாய்ப்பு இருக்கிறது. அத்தை, மாமன் மக்கள் மணந்தால் அதோடு 1.7 முதல் 2.8 வரை கூடும் என்று அமெரிக்க மரபணு ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2002-இல் வெளியிட்ட பரிந்துரை கணக்கிட்டது. பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் குடும்பங்களில் இன்னும் கூடலாம்.

இதை ‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்றும் சொல்லலாம். ‘நூற்றில் தொண்ணூற்றைந்து பிள்ளைகள் இந்தக் குறையின்றிப் பிறக்கும்’ என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கு. இரண்டையும் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் கட்டாயப்படுத்துகிறார்களாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் உறவுக்குள் மணந்தவர்கள். நாட்டின் சராசரி 11. அப்படியென்றால் நம் வகுப்பில் நான்கில் ஒரு பிள்ளை அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘சொந்தத்தில் கட்டினால் ஊனமாகப் பிறக்கும்’ என்று நாம் போகிறபோக்கில் சொல்லும்போது அந்தப் பிள்ளை தன் அம்மா அப்பாவை நினைக்கும்.

எழுதிக்கொடுத்த காகிதம்

அன்று என் மாணவி எதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. வரைந்த படத்தைத் தெளிவாகப் படியெடுத்துக் கொடுத்து, "இது ஆலோசனை இல்லக்கா. சொல்ல வேண்டியவங்ககிட்ட போறப்ப எடுத்துட்டுப் போற படம்" என்றார். தசைச்சிதைவு நோய்க்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அதன் விவரத்தைப் பின்பக்கம் எழுதினார். பிறகு பரிசோதனையில் சிறுவனுக்கு நோய் உறுதியாயிற்று, தங்கை சுமப்பவர் என்பதும். குணப்படுத்த முடியாவிட்டாலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. நடை நிற்பதைத் தள்ளிப்போடும் ஸ்டீராய்டு மருந்து, இயன்முறைச் சிகிச்சை, இதயப் பரிசோதனை. சுமப்பவர்களான பெண்களுக்கும் இதயம் பாதிக்கப்படலாம் என்பதால் அந்த அம்மாவும் தங்கையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். இது எங்கள் யாருக்கும் தெரியாத செய்தி.

தங்கை அப்போது சொன்ன ஒன்றை மறக்க முடியவில்லை. "அடுத்தது பொம்பளப் பிள்ளையாப் பொறந்தாப் போதும்." எங்கள் ஊருக்கு வடக்கே உசிலம்பட்டி. 1986-இல் இந்தியா டுடே இதழ் பெண் சிசுக்கொலை பற்றி எழுதி, அந்தப் பெயரை நாடெங்கும் தெரியவைத்தது. கருவில் பாலினம் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தபோது, அந்தச் சட்டத்துக்குள்தான் ‘மரபணு ஆலோசனை மையம்’ என்ற சொல்லும் வந்தது. நம் நாட்டில் இந்தத் தொழில் பலருக்கு ஸ்கேன் மையத்துச் சுவரில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையோடு சேர்த்தே அறிமுகமாகிறது. அந்த மண்ணில் ஒரு பெண் மகளை வேண்டுகிறார் என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. என் மாணவி நெகிழவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்வதற்குச் சட்டம் அப்போதும் இடம் தராது. ஆனால் இப்படிப் பாலினம் சார்ந்த மரபு நோய் உள்ள குடும்பத்தில், கருவுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று 11 முதல் 13 வாரத்துக்குள் பரிசோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது. அதைச் செய்வதும் செய்யாததும், அறிந்தபின் என்ன என்பதும் அந்தத் தம்பதி எடுக்க வேண்டிய முடிவு. இதையெல்லாம் கோயம்புத்தூரில் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

வாசல் வரை வந்த அந்த அம்மாவிடம், 2012-இல் நான் சொன்னது தவறு என்றேன். "நீங்க மட்டுமா சார் சொன்னீங்க, ஊரே சொல்லுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீங்க படிச்சவுகல்ல. அதான் அவரு வீட்டுல அத எடுத்துச் சொல்லிச்சொல்லிப் பேசுனாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

புளியங்கொட்டைச் சோதனை

இப்போது பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன்.

பிள்ளைகளிடம் ‘உங்கள் குடும்பத்தின் குடிவழிப் படம் வரைந்து வாருங்கள்’ என்று செயல்திட்டம் தருவதை நிறுத்திவிட்டேன். நல்ல செயல்பாடு என்று நினைத்துப் பல ஆண்டு தந்தேன். தத்துப்பிள்ளை, இரண்டாம் தாரம், வீட்டில் பேசாத ஒரு சாவு எல்லாம் சார்ட் பேப்பரில் ஏறிச் சுவரில் தொங்கும். இப்போது விக்டோரியா குடும்பத்தைத் தருகிறேன். முறை மாப்பிள்ளைக் கதை என்றதும் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். ஆல்பர்ட்மேல் பழி சொல்லலாமா என்று கேட்டு விட்டுவிட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும்; எக்ஸ், ஒய் என்று எழுதிப் பார்த்து அவர்களே விடைக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, வாய்ப்பு. ‘இரண்டில் ஒன்று’ என்றால் மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இளையது தப்பிக்கும் என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். ஆலோசகர் பயிற்சியில் இதை உடைப்பதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்குகிறார்களாம். நான் தாயம் ஆடுவதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டையை ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கறுப்பு பழுதான எக்ஸ், வெள்ளை நல்ல எக்ஸ். இருபது முறை போட்டு எழுதச் சொன்னேன். பாதியிலேயே ஒரு பையன், "சார், தேச்ச பக்கம் தட்டையா இருக்கு. ரெண்டு பக்கமும் சமமா விழாது" என்றான். சரியாகச் சொன்னான். புளியங்கொட்டையை ஓரம் வைத்துவிட்டு ஒரு ரூபாய்க் காசுக்கு மாறினோம். முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேருக்குத் தொடர்ந்து நான்கு முறையோ அதற்கு மேலோ பூ விழுந்திருந்தது. காசுக்கு முந்தைய வீச்சு நினைவில் இருக்காது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாடத்துக்கு வெளியே ஒன்று. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. அடிக்கடி விழுகிற, படியேறத் திணறுகிற, தொடையைப் பிடித்து எழுகிற பையன் இருந்தால் பெயரைக் குறித்து அவர்களிடம் காட்டுங்கள். நோயின் பெயரையும் காரணத்தையும் பெற்றோரிடம் நாம் சொல்ல வேண்டாம். அதற்குப் படித்தவர்கள் சொல்லட்டும். உடற்கல்வி வகுப்பில் ஓடவில்லை என்று தண்டிக்காமலும், அவன் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. அந்தச் சின்னப் பையன் படிக்கும் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் இதை அறிந்ததும் அவனுக்காகக் கழிப்பறைப் பக்கம் கைப்பிடிக் கம்பி வைத்துக் கொடுத்தார்.

இறந்துபோன பையனின் தங்கை சென்ற கல்வியாண்டில் என் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அண்ணனிடம் கணக்குக் கற்றவள். அவளும் சுமப்பவளாக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவளுக்கும் இப்போதே பரிசோதனை எடுத்துவிட்டால் என்ன என்று என் மாணவியிடம் கேட்டிருந்தேன். "அவளுக்கு இப்ப அதால மருத்துவத்துல ஆகப்போறது ஒண்ணுமில்ல சார். பெரியவளாகி, அவளா வேணும்னு கேக்குறப்ப எடுக்கட்டும். தெரிஞ்சுக்காம இருக்குறதுக்கும் அவளுக்கு உரிமை இருக்கு" என்றார்.

காசு போட்டுப் பார்த்த அன்று, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் நின்றாள்.

"சார், எங்க அண்ணனுக்கு இருந்தது என்கிட்டயும் மறைஞ்சு இருக்குமா?"

பதில் என் நாக்கில் இருந்தது. பத்து விநாடி சும்மா இருந்தேன்.

"இருந்தா நான் கல்யாணம் பண்ணக்கூடாதா சார்?" என்றாள். கேட்க வந்த கேள்வி அதுதான்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் என்னென்ன வழி இருக்குன்னு சொல்றதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. உனக்கு எப்பக் கேக்கணும்னு தோணுதோ அப்பப் போகலாம். இப்பவே முடிவு பண்ண வேண்டாம்."

"அப்படிப் படிக்கிறதுக்கு எத்தனை மார்க் சார் வேணும்?" என்று கேட்டாள். என் மாணவியின் தொலைபேசி எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, மறுநாள் கொடுத்தேன்.